இரண்டு ஊருக்கும் ஒரே கால்

"பந்தடிச்சுச் சோறு திண்ட மனிசன்" என்றுதான் இன்றைக்கும் என்னை அறிமுகப்படுத்துகிறார்கள். கல்முனைச் சந்தையில் இருக்கும் என் சாரன் துணிக்கடைக்கு யாராவது புது ஆள் வந்தால் போதும், பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார்: "இவரத் தெரியுமா? இந்தக் கரையில இரிந்து கொழும்புக்குப் போய், பந்தடிச்சே சம்பளம் எடுத்த முதல் ஆள் இவருதான்." வந்தவர் உடனே குனிந்து என் வலது காலைப் பார்ப்பார். முகத்தைப் பார்க்கமாட்டார், காலைத்தான் பார்ப்பார். அது மேசைக்குக் கீழே நீட்டிய மாதிரியே கிடக்கும், மடங்காது. பிறகு அடுத்த கேள்வி வரும்: "ஆரு உடைச்ச?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் பதில் சொல்லுவேன். இத்தனை வருடமாக ஒரே பதில்தான். அந்தப் பதிலைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது கல்முனைக்குப் பக்கத்துச் சாய்ந்தமருதில். கடலுக்கு நாலு வளவு தள்ளி எங்கள் வீடு. வாப்பா நான் நடக்கத் தொடங்கின வயதிலேயே மௌத்தாகிவிட்டார். என்னைவிட எட்டு வயது மூத்த அண்ணன், என் காக்காதான் கரைவலை இழுத்து எங்களுக்குச் சோறு போட்டார். காலையில் வலை கரைக்கு வந்து மீன் பிரித்து முடிந்தால், பின்னேரம் அதே மணலில் பந்து. காக்கா கோலுக்கு நிற்பார். இரண்டு தோணிகளுக்கு நடுவில் உள்ள இடம்தான் கோல். வலைக் கயிறு இழுத்து இழுத்து அவர் கை இரண்டும் பலாக்காய்த் தோல் போலச் சொரசொரத்துக் கிடக்கும். அந்தக் கையில் பட்ட பந்து பிறகு நகராது. அவரைத் தாண்டிப் பந்தை அனுப்பப் பழகினவனுக்கு வேறு எவனையும் தாண்டுவது பெரிய வேலையில்லை. என் ஆட்டம் முழுக்க அவரிடம் அடித்து அடித்துப் பழகினது. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

எழுபத்தெட்டில் சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம், கொழும்புக் கம்பெனி ஒன்றின் அணி கல்முனைக்கு வந்து எங்களோடு ஆடியது. அவர்களெல்லாம் சப்பாத்துப் போட்டிருந்தார்கள், நாங்கள் வெறுங்கால். நான் இரண்டு கோல் அடித்தேன். ஆட்டம் முடிந்ததும் அவர்களுடைய பயிற்சியாளர், வயதான சிங்கள மனிதர், என்னைக் கூப்பிட்டு அரைத் தமிழில் கேட்டார்: "தம்பி, சப்பாத்து என்ன அளவு?" எனக்கு என்ன தெரியும்? செருப்பே பெருநாளைக்குத்தான். மணலில் பதிந்திருந்த என் காலடியைத் தென்னை ஈர்க்கால் அளந்து, ஈர்க்கை முறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். ஒரு மாதம் கழித்து வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. உம்மா அழுதார். காக்கா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டி பஸ் ஏற்றிவிட்டார். "ஆட்டத்தில ஆரையும் பாக்காதடா, பந்த மட்டும் பாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கடிதத்தில் எனக்குக் கொடுத்திருந்த வேலை களஞ்சிய உதவியாளர். ஆடின காலம் முழுக்க அந்தக் களஞ்சியத்தின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. காலையில் ஓட்டம், பின்னேரம் பந்து, சனிக்கிழமை ஆட்டம். என்னை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கல்முனை, இங்கே போடு! கல்முனை, ஓடு!" என்றுதான் கத்துவார்கள். சப்பாத்து முதல் மூன்று மாதம் என் காலைத் தின்றது. குதிக்காலில் இரத்தம் கசிந்து காலுறையோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றி ஊறவைத்துத்தான் கழற்றுவேன். பிறகு பழகிவிட்டது. நன்றாக ஆடினேன். என்னை என் வாயாலேயே புகழ எனக்கு வெட்கமில்லை, ஏனென்றால் வேறு யாரும் இப்போது அதைச் சொல்லப்போவதில்லை. நன்றாக ஆடினேன்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை ஊரில் ஒருவரும் விளங்கிக்கொள்ளவில்லை. "குடுத்து வெச்சவன், விளையாடச் சம்பளம் குடுக்கிறாங்க" என்றார்கள். என்னோடு ஆடின ஒருவனுக்கு முழங்கால் பிசகியது. அடுத்த மாதம் எங்கள் விடுதியில் அவனுடைய கட்டிலில் வேறொருவன் படுத்திருந்தான். பயிற்சியாளர் எங்களை வரிசையில் நிற்கவைத்துச் சொன்னார்: "இந்தக் கால் உங்களுடைய கால் இல்லை. ஊருக்குப் போனால் பந்தைத் தொடவே கூடாது." நான் ஓம் என்று தலையாட்டினேன். மூன்று வருடம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன்.

பிறகு எனக்குக் கல்யாணம் பேசினார்கள். கல்முனைக்கு மறுபக்கத்து மருதமுனைப் பெண். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே குடியிருப்பான். அன்றிலிருந்து அவன் அந்த ஊர் ஆள். அந்த ஊர்ப் பள்ளிவாசலுக்கு அவன் பெயர் போய்விடும், அந்த ஊர்க் குடியாகக் கணக்கில் வருவான். பிறந்த ஊரில் அவன் விருந்தாளி. எல்லோரும் செய்கிறதுதான், யாரும் அதை ஒரு கதையாக எடுப்பதில்லை. ஆனால் சாய்ந்தமருதுக்கும் மருதமுனைக்கும் பந்தில் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். என் மனைவியின் மூத்த சகோதரர், என் மச்சான், மருதமுனை அணியை நடத்தினவர். வீட்டில் ஆறு தறி வைத்திருந்தார். பேச்சு முடிந்து எழும்பும்போது என் தோளில் தட்டி, "மாப்புளயோட ஒரு டீமே வந்த மாதிரி" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தேன், மடையன்.

கல்யாணம் முடிந்து நான் கொழும்பில் இருக்கும்போது இன்னொரு கடிதம் வந்தது. நாட்டு அணிக்கு ஆட்களைத் தெரிவு செய்கிறார்கள், முகாமுக்கு வரவேண்டும் என்று போட்டிருந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து பன்னிரண்டாம் நாள். எங்கள் கரையிலிருந்து அப்படியொரு கடிதம் அதுவரை எவனுக்கும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. பயிற்சியாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பெருநாளைக்குப் போ. நல்லாச் சாப்பிடு. பந்தைப் பார்த்தால் மறுபக்கம் திரும்பி நட" என்றார்.

மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டில் முதல் பெருநாள் என்றால் சும்மாவா? புதுச் சாரன், புதுச் சட்டை, தட்டுத் தட்டாகத் தொதலும் முறுக்கும். பெருநாள் தொழுகைக்கு மச்சான் என்னைத் தன் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய் ஊருக்கெல்லாம் காட்டினார். அன்றைக்குப் பகலே விஷயம் வெளியில் வந்தது. பெருநாள் மூன்றாம் நாள் கல்முனையில் இரண்டு ஊருக்கும் ஆட்டம்.

"மச்சான், என்னால ஏலாது. முகாம் இரிக்கி" என்றேன்.

"ஒரு ஆட்டம்தானே. ஊரே கேக்குது. மாப்புள வீட்டில குந்திக்கிட்டு இரிந்தா எனக்கு என்ன மரியாத?" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரமே உம்மாவைப் பார்க்கச் சாய்ந்தமருதுக்குப் போனேன். வாசலிலேயே எங்கள் அணிப் பொடியன்கள் ஏழெட்டுப் பேர். "ஒன்னப் பந்தடிக்கப் பழக்கினது இந்த ஊரு. இனி எங்களுக்கே அடிப்பியா?" காக்கா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். "காக்கா, நீங்களாவது அவங்களுக்குச் செல்லுங்க, நான் ஆடக்கூடாதெண்டு" என்றேன். அவர் நூலைப் பல்லால் கடித்தார். "ஆடாட்டி ஆடாத. ஆடினா ஒழுங்கா ஆடு" என்றார்.

ஆடாமல் இருந்திருக்கலாம். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ஆனால் விஷயம் அதற்குள் பெரியவர்களிடம் போய்விட்டது. இரண்டு ஊரிலிருந்தும் நாலு நாலு பேர், அடுத்த நாள் கல்முனையில் ஒரு ஹாஜியாரின் வீட்டு விறாந்தையில், அஸர் தொழுதுவிட்டு வந்து குந்தினார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஓரத்துக் கதிரையில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு மணித்தியாலம் பேசினார்கள். பிறந்த ஊருக்கு உரிமையா, குடிபோன ஊருக்கு உரிமையா? ஒருவர் வாய்க்கால் தண்ணீர் பங்கிடுகிற கதையை உதாரணத்துக்குக் கொண்டுவந்தார். என் காலைப் பற்றி ஒரு சொல் கிடையாது. முகாமைப் பற்றி ஒருவர் கேட்டார், "அது பன்னெண்டாம் நாள்தானே" என்று மற்றவர் முடித்துவிட்டார். கடைசியில் ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்:

"முதல் பாதி பிறந்த ஊருக்கு ஆடட்டும். மற்றப் பாதி பொண்ணெடுத்த ஊருக்கு ஆடட்டும். ஆருக்கும் அநியாயமில்ல."

"மாஷா அல்லாஹ்" என்றார்கள் எட்டுப் பேரும். பிறகுதான் ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். "என்ன மகன், சரிதானே?"

நான் "சரி" என்றேன்.

அந்த விறாந்தையில் எழும்பி நின்று ஏலாது என்று சொல்ல என் நாக்குக்கு என்ன கேடு பிடித்தது? கொழும்பில் நாலாயிரம் பேர் கூச்சல் போடும்போது நடுங்காதவன், எட்டுத் தாடிக்கு முன்னால் வாயடைத்துப் போனேன். எங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் இப்படித்தான் தீர்ப்பார்கள். காணி, வாய்க்கால், கல்யாணம், சண்டை, எல்லாவற்றையும் பாதி பாதியாகப் பிரித்துவிட்டுத் தேத்தண்ணி குடிப்பார்கள்.

ஒரே ஒரு ஆள்தான் என்னிடம் கேட்டாள். ஆட்டத்தன்று காலை என் மனைவி அலுமாரியைத் திறந்து, தன் கல்யாணச் சேலை மடிப்புக்குள் வைத்திருந்த அந்தக் கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். "இதுல எழுதியிருக்கிறது என்ன, நீங்க செய்யப்போற வேல என்ன? ஒங்களுக்கு ஆட விருப்பமா?" என்றாள். "ஒண்ட காக்காட்டப் போய்க் கேளு!" என்று சீறிவிட்டேன். அவள் கடிதத்தைத் திரும்ப மடித்து வைத்தாள். பிறகு ஒருநாளும், ஒரே ஒருநாளும், "நான் அப்பவே செல்லயில்லியா" என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்தாவது ஆறியிருப்பேன்.

ஆட்டத்துக்கு வந்த சனத்தைப் பார்க்க வேண்டுமே! மதிலிலும் மரத்திலும் ஆள். முதல் பாதியில் சாய்ந்தமருதுச் சட்டை போட்டேன். எங்கள் கோலுக்குக் காக்கா நின்றார். இருபதாவது நிமிடத்தில் ஒரு கோல் அடித்தேன். ஒரு பக்கம் கூத்தாடியது, மறுபக்கம் என் மச்சான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இடைவேளையில் மைதானத்தின் நடுவில், அத்தனை பேரும் பார்க்க, அந்தச் சட்டையைக் கழற்றி மருதமுனைச் சட்டையை மாட்டினேன். சிரித்தார்கள். சிலர் கூ போட்டார்கள். வெறும் மேலோடு நின்ற அந்த ஒரு நொடியில், யா அல்லாஹ், நான் எந்த ஊர்க்காரன் என்று எனக்கே தெரியவில்லை. காக்கா தோடம்பழச் சுளையை மென்றுகொண்டு வந்தார். கழற்றிப் போட்ட என் சட்டையைக் குனிந்து எடுத்து மடித்துக் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "சரி, இனி வா" என்றார்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும். அதுவரை மருதமுனை ஒரு கோலும் அடிக்கவில்லை. பந்து எனக்கு நீளமாக வந்தது. இருவரைத் தாண்டினேன். முன்னால் ஒருவருமில்லை, காக்கா மட்டும். அவர் கோலை விட்டு வெளியே ஓடி வந்தார். பிறகு விழுந்தேன். காய்ந்த தென்னை மட்டை முறிகிற சத்தம் கேட்டது. அது என் கால் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மத்தியஸ்தர் பெனால்டி கொடுத்தார். என்னைத் தூக்கிக் கோட்டுக்கு வெளியே கிடத்திவிட்டு, என் கண்ணுக்கு முன்னாலேயே பெனால்டி அடித்தார்கள். கோல். மச்சான் பாய்ந்து குதித்தார். பிறகுதான் என்னிடம் ஓடி வந்தார். ஒன்றுக்கு ஒன்று. என்னை வேனில் ஏற்றும்போது ஹாஜியார் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது: "அல்ஹம்துலில்லாஹ், ரெண்டு ஊருக்கும் மனக்குற இல்லாம முடிஞ்சி."

பன்னிரண்டாம் நாள் வந்தபோது இடுப்பு வரை பிளாஸ்டரோடு மருதமுனை வீட்டுக் கட்டிலில் கிடந்தேன். பக்கத்து அறையில் தறி அடித்துக்கொண்டே இருந்தது. முகாம் தொடங்கும் நேரத்தைக் காக்காவின் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன். முள் அதைத் தாண்டிப் போனது. அன்றைக்கு நான் ஏங்கி ஏங்கி அழுதேன், வெட்கமில்லாமல்.

ஐந்து மாதம் கழித்துக் கொழும்புக்குப் போனேன். பயிற்சியாளர் மாடியில் நின்று நான் படியேறுவதைப் பார்த்தார். எத்தனை படி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும், பதினேழு. மேலே வந்ததும், "எங்கே நடந்தது?" என்று மட்டும் கேட்டார். கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்றேன். "உங்கள் ஊர்க் கிணற்றுக்குக் கோல் கம்பமும் இருக்கிறதா?" என்றார். அதற்குமேல் என்னோடு பேசவில்லை. அந்த வருடம் முழுக்க நான் உண்மையாகவே களஞ்சிய உதவியாளராக இருந்தேன். கதவு உள்பக்கம் திறக்கும் என்று அப்போதுதான் கண்டுகொண்டேன். பிறகு ஆள் குறைக்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஊருக்கு வந்தால் மச்சான் தறியில் குந்தச் சொன்னார். தறி மிதிக்கவும் கால் வேண்டும், அது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீட்டுப் பெண்களோடு இருந்து நூல் சுற்றினேன். நாட்டு அணிக்குக் கடிதம் வந்த கால், ராட்டைக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு கிடந்தது. கடைசியில் சந்தையில் இந்தக் கடையைப் போட்டுத் தந்தார். நல்ல மனிதர்தான். அதனால்தான் அவரைத் திட்டவும் முடியவில்லை.

திட்ட ஒரு ஆள் வேண்டாமா? காக்காவைப் பிடித்துக்கொண்டேன். "சொந்தத் தம்பிட கால உடைச்சான்" என்று கடைக்கு வந்தவனுக்கெல்லாம் சொன்னேன். பொறாமை என்றேன். தான் வலை இழுக்கும்போது தம்பி கொழும்பில் ராசாவாக இருப்பது பொறுக்கவில்லை என்றேன். ஊர் நம்பியது. காக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அதன்பிறகு அவர் வரவில்லை. பந்தையும் விட்டுவிட்டார். உம்மா மௌத்தானபோது அவரைக் கிடத்திய சந்தூக்கின் முன்பக்கத்தை அவரும் பின்பக்கத்தை நானும் பிடித்தோம். என் நொண்டலுக்கு ஏற்ற மாதிரி அவர் தன் நடையைக் குறைத்தார். அப்போதும் நான் பேசவில்லை.

எண்பதுகளின் கடைசியில், சண்டை தொடங்கி எங்கள் மைதானத்தில் பந்துக்குப் பதிலாகப் பட்டாளத்தின் மணல் மூட்டைகள் வந்துவிட்ட காலத்தில், ஒருநாள் காலை காக்கா கடைக்கு வந்தார். கையில் ஒரு கோர்வைப் பாரை மீன். தாடி நரைத்திருந்தது. கதிரை காட்டினேன். இருக்கவில்லை. கடையில் ஒருவர் சாரன் பார்த்துக்கொண்டிருந்தார். காக்கா அவரைக் கணக்கெடுக்கவில்லை, மீனை மேசையில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"நீ ஏண்டா அடிக்கல்ல?"

நான் மீனை ஓரமாக நகர்த்தினேன்.

"நீ அடிப்பாய் எண்டுதான் நான் பாஞ்ச. அடிச்சிரிந்தாப் பந்து போயிரிக்கும், ஒண்ட காலும் மேல போயிரிக்கும், நான் வெறும் மண்ணில விழுந்திரிப்பன். எத்தின வருஷம் ஒனக்குக் கோலுக்கு நிண்டிருக்கன், நீ அந்த இடத்தில அடிக்காம விட்டதே இல்ல. அண்டைக்கு மட்டும் ஏண்டா கால இறக்கின?"

ஏன் என்று எனக்குத் தெரியும். விழுந்த நொடியிலிருந்தே தெரியும். நான் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டேன். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போனவரின் முகம். இந்த முகத்துக்கு நேரே, இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு எப்படி அடிப்பேன் என்று காலைத் தூக்கிவிட்டுத் திரும்ப இறக்கினேன். சம்பளத்துக்கு ஆடினவன் நான், ஆளைப் பார்த்தேன். வலை இழுக்கிற மனிதர், பந்தைப் பார்த்தார். உடைத்தது அவரில்லை. அதைச் சொல்ல அன்றைக்கு வாய் வரைக்கும் வந்தது. மேசைக்குக் கீழே கிடந்த காலைத் தடவிக்கொண்டு இருந்துவிட்டேன்.

காக்கா மீனைக் காட்டினார். "சரி, மீன் பழுதாகப் போகுது, வீட்ட அனுப்பு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

சாரன் பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் குனிந்து கேட்டார்: "இவர்தானே ஒங்கட கால உடைச்ச காக்கா?"

"ஓம்" என்றேன்.

காக்கா அப்போது கடைப்படியில்தான் நின்றார், செருப்பை மாட்டிக்கொண்டு. அவருக்குக் கேட்டது.